ஐந்தாம் பெட்டிக்காரனின் கை

புருஷன் பெண்டாட்டி சண்டையை வீட்டோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். சொல்வதற்கென்ன, சொல்லலாம். இரண்டு பேரும் ஒரே கொட்டகையில், ஒரே மெஷினில், காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றால் சண்டையை எங்கே கொண்டுபோய் வைப்பது? டிபன் பாக்ஸிலா?

அது புத்தகம் சேர்க்கிற மெஷின். சேர்ப்பது பள்ளிக்கூடப் புத்தகங்கள். அச்சடித்த பெரிய தாளை மடித்து மடித்துப் பதினாறு பக்கமாக்கினால் அதற்கு ஃபாரம் என்று பெயர். எட்டு ஃபாரம் சேர்ந்தால் ஒரு புத்தகம். அதற்காக மெஷினின் நீளத்துக்கு எட்டுப் பெட்டிகள், பெட்டிக்கு ஓர் ஆள். ஆள் ஃபாரங்களை அள்ளி, தட்டி நேராக்கி, பெட்டி காலியாகாமல் அடுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பெட்டியின் அடியில் ரப்பர் வாய்கள் காற்றால் உறிஞ்சி ஒரே ஒரு ஃபாரத்தைக் கீழே இழுக்கும். சுழல்கிற டிரம்மில் ஓர் இரும்புப் பிடி இருக்கிறது, கிரிப்பர். அது ஃபாரத்தை லபக்கென்று கவ்விக் கீழே ஓடும் செயினில் போடும். செயின் எட்டுப் பெட்டிகளையும் கடந்து போவதற்குள் எட்டு ஃபாரமும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்துவிடும். அப்படியே பசை போடுகிற இடத்துக்குப் போய்ச் சேரும். ஓடும்போது பார்க்க அழகு, சும்மா சொல்லக்கூடாது. நின்றுவிட்டால்தான் சனியன்.

நின்றதை மறுபடி ஓட்டுவது அவள் வேலை. மெஷினின் தலைமாட்டில் பட்டன் பலகை, அதன் முன்னால் அவள். லைன் முழுக்க அவளுக்குப் பட்டன்காரி என்றுதான் பெயர். ஐந்தாம் பெட்டியில் நிற்பவன் அவள் புருஷன்.

பட்டன் பலகையிலிருந்து பார்த்தால் பெட்டிக்காரர்கள் தெரிய மாட்டார்கள். இன்னும் பெட்டியில் ஏறாத ஃபாரங்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கடுக்காக மறைத்துக்கொண்டு நிற்கும். அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. மெஷின் எங்கேயாவது சிக்கி நின்றால் அந்தப் பெட்டியின் விளக்கு பலகையில் எரியும். சிக்கலை எடுத்து முடிக்க நேரம் கொடுத்துவிட்டு அவள் "கை!" என்று ஒரு சத்தம் போடுவாள். எட்டுப் பேரும் அடுக்குகளுக்கு மேலே ஒரு கையைத் தூக்குவார்கள். எட்டுக் கை தெரிந்தால் அமுக்குவாள். ஏழு தெரிந்தால் அமுக்க மாட்டாள்.

முன்பெல்லாம் இந்தக் கை தூக்கல் சும்மா ஒரு சம்பிரதாயம். ஏனென்றால் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கண்ணாடி மூடி இருந்தது, மூடியிலிருந்த காந்தத்தைக் கண்டால்தான் ஓடவிடும் ஒரு சுவிட்ச் இருந்தது. மூடி திறந்திருந்தால் மெஷின் ஓடவே ஓடாது, தலைகீழாக நின்றாலும் ஓடாது. ஆனால் மெஷின் பழசாகப் பழசாக மூடிகள் லொடலொடவென்று ஆட ஆரம்பித்தன. மூடி கொஞ்சம் அசைந்தால் போதும், சுவிட்ச் பயந்துபோய் மெஷினை நிறுத்திவிடும். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசருக்கு அங்கே சுடுதண்ணி என்று பட்டப்பெயர். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி எப்போதும் அவசரம். "யாராவது இதுக்கு ஒரு வழி பண்ணுங்கப்பா, இல்லன்னா என்னைத்தான் பொணமாத் தூக்கணும்" என்று அவர் புலம்பித் தீர்த்தார்.

வழி பண்ணியது யார்? சாட்சாத் அவள் புருஷன்தான். பீரோக் கதவை இழுத்துப் பிடிக்கிற சின்னக் காந்தங்கள் எட்டு வாங்கி வந்தான். ஒவ்வொரு சுவிட்சின்மேலும் ஒன்றை ஒட்டி டேப்பைச் சுற்றினான். அவ்வளவுதான், மூடி எப்போதும் மூடியே இருப்பதாகச் சுவிட்ச் நம்பிவிட்டது. மூடியைத் திறந்து போட்டாலும் மெஷின் ஜம்மென்று ஓடியது. சுடுதண்ணி அவன் தோளில் தட்டி, "உன்ன மாதிரி இன்னும் ரெண்டு பேர் இருந்தா நான் நிம்மதியாத் தூங்குவேன்டா" என்றார். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

அவளுக்கு அது பிடிக்கவில்லை. அமுக்குகிற விரல் அவளுடையதல்லவா? சாப்பாட்டு நேரத்தில் அத்தனை பேர் நடுவிலும் கேட்டுவிட்டாள்.

"உங்களுக்கு மூளை கீளை இருக்கா? நாளைக்கு நான் அமுக்கி ஒருத்தர் கை போச்சுன்னா யாருங்க பதில் சொல்றது?"

"பாத்து ஓட்டினா ஒண்ணும் ஆகாது" என்றான் அவன், வாயில் சோற்றோடு.

"யாரு பாக்கறது? அங்கேருந்து எனக்கு உங்க மூஞ்சி தெரியுதா, முதுகு தெரியுதா? மூடி ஒண்ணுதான் காவலா இருந்துச்சு, அதையும் தொலைச்சாச்சு. மொதல்ல போறது உங்க கையாத்தான் இருக்கும், பாத்துக்கிட்டே இருங்க."

ஆறாம் பெட்டிக்காரன் களுக்கென்று சிரித்துவிட்டான். அவனுக்கு நெட்டை என்று பெயர். அவள் புருஷனை அண்ணே என்றும் அவளை அண்ணி என்றும் கூப்பிடுகிறவன், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத பிள்ளை. ஆனால் சிரிப்பு ஒருவனோடு நிற்குமா? பெட்டிக்குப் பெட்டி பரவியது. அத்தனை பேர் முன்னால் பெண்டாட்டி மூளை இருக்கா என்று கேட்டால் எந்தப் புருஷனுக்குத்தான் சுருக்கென்று இருக்காது? டிபன் பாக்ஸைப் பட்டென்று மூடிக்கொண்டு எழுந்து போனான். அன்றோடு பேச்சு நின்றது.

வீட்டில் அவன் அம்மாதான் தூது. "அம்மா, என் நீலச் சட்டை எங்கன்னு கேளு." "அத்தை, பீரோவுல மேல் தட்டுல இருக்குன்னு சொல்லுங்க." இரண்டு பேரும் அதே அறையில்தான் நிற்பார்கள். மாமியார் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம். "நான் என்ன போஸ்டாபீஸா வெச்சு நடத்தறேன்? ராத்திரி ஒரே கட்டில்லதானே படுக்கறீங்க, அங்கயும் நடுவுல நான் வந்து படுக்கணுமா?" என்று ஒருநாள் வெடித்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் அடக்கிக்கொண்டார்கள். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு.

வேலை இடத்திலோ விஷயம் வேறு விதமாகப் போயிற்று. அவள் "கை!" என்று கத்தினால் ஏழு கைதான் தெரிந்தது. ஐந்தாம் பெட்டிக்காரன் தூக்க மாட்டேன் என்றுவிட்டான். அவள் கத்தினால் உடனே இவன் கை தூக்கி நிற்பதா, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி? அவளும் அமுக்க மாட்டேன் என்று நின்றாள். மெஷின் சும்மா நிற்க, சுடுதண்ணி அந்த முனைக்கும் இந்த முனைக்கும் ஓட, கடைசியில் சமாதானம் பண்ணி வைத்தவன் நெட்டை. தன் இரண்டு கையையும் தூக்கினான்.

"வலது கை என்னுது அண்ணி! இடது கை அண்ணனோடது! கணக்கு சரியாப் போச்சா?"

லைன் முழுக்க ஒரே சிரிப்பு. அவளுக்கும் உதட்டோரம் துடித்தது. அமுக்கிவிட்டாள். இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை, அவள் செய்தது தப்பு. அடுத்தவன் கையை இவன் தூக்குவது என்றால் கை தூக்குகிற வழக்கத்துக்கே அர்த்தம் இல்லை. அது அவளுக்குத் தெரியாமலா இருந்தது? தெரியும். முடியாது என்று சொல்லியிருந்தால் ஐந்தாம் பெட்டி வரை நடந்து போய் அவனிடம் வாயைத் திறந்து பேச வேண்டியிருக்கும். முதலில் பேசுகிறவள் அவள் என்று ஆகிவிடும். அதற்கு அவள் தயாராக இல்லை.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. "கை!" என்றால் நெட்டைக்கு இரண்டு கையும் தானாக மேலே போகும்.

மனசு கேட்காமல் அவளாகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள். அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெட்டியில் சிக்கின ஃபாரத்தைப் பிய்த்து எடுத்ததும் கசக்கி உருட்டித் தோளுக்குப் பின்னால் வீசுவான், திரும்பிக்கூடப் பார்க்காமல். அந்த உருண்டை அடுக்குகளுக்கு மேலே எழும்பி மறுபக்கம் போய் விழும். ஐந்தாம் விளக்கு எரிந்தால் அவள் அந்த உருண்டைக்காகக் காத்திருப்பாள். அது பறந்தால் அவன் கை வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் அமுக்குவாள். இது யாருக்கும் தெரியாது. அவனுக்கும் தெரியாது.

இப்படி இருக்கும்போது ஒரு முற்பகலில் ஐந்தாம் பெட்டி படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. அந்த ஃபாரத்துக்கு மட்டும் வேறு கட்டுக் காகிதம் வந்திருந்தது, மெல்லிசு. ரப்பர் இழுத்தால் நேராக வராமல் சுருண்டுகொண்டு வந்தது. ஐந்தாம் விளக்கு எரியும், உருண்டை பறக்கும், எட்டுக் கை எழும்பும், அமுக்குவாள். கொஞ்சம் ஓடும், மறுபடியும் ஐந்தாம் விளக்கு. வாசலில் லாரி வந்து நின்றுவிட்டது. சுடுதண்ணி அவள் முதுகுக்குப் பின்னாலேயே நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

மறுபடி ஐந்தாம் விளக்கு. அவள் கொஞ்சம் பொறுத்தாள். "கை!" என்றாள்.

எட்டுக் கை எழும்பியது. நெட்டையின் இரண்டு கையும் பனைமரம் மாதிரி எல்லாவற்றுக்கும் மேலே தெரிந்தன.

உருண்டை பறக்கவில்லை.

"எட்டும் இருக்கே, அமுக்கும்மா!" என்றார் சுடுதண்ணி.

"இருங்க சார்."

"எதுக்கு இருக்கணும்? லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான், காதுல விழலியா?"

அவள் என்ன சொல்வாள்? என் புருஷன் எறிகிற குப்பை இன்னும் பறக்கவில்லை என்றா? அடுக்குகளுக்கு மேலேயே கண்ணை வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் எழும்பவில்லை. கைகள் கூட வலித்துப்போய் ஒன்றிரண்டு இறங்க ஆரம்பித்தன.

"தள்ளு, நானே அமுக்கிக்கிறேன்!" சுடுதண்ணி அவளைத் தாண்டிக் கையை நீட்டினார். அவள் பட்டனை உள்ளங்கையால் பொத்தினாள். இன்னொரு கையால் பலகையிலிருந்த சாவியைத் திருகிப் பிடுங்கி மேல்கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

"ஏம்மா! சாவியக் குடு! உனக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்கு?"

அவள் நடந்தாள். நடந்தாள் என்ன, பாதி ஓடினாள். ஒன்றாம் பெட்டிக்காரன் என்னவென்று கேட்டது காதில் விழவில்லை. ஐந்தாம் பெட்டியின் அடுக்கைச் சுற்றிக்கொண்டு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மூடி திறந்து கிடந்தது. அவன் குனிந்து, கன்னத்தைப் பெட்டியின் விளிம்பில் அழுத்திக்கொண்டு நின்றான். வலது கை முழங்கை வரை உள்ளே. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. காலடிச் சத்தம் கேட்டும் அவனால் தலையைத் திருப்ப முடியவில்லை. வந்தது நெட்டை என்று நினைத்துக்கொண்டான்.

"டேய், சத்தம் போடாத" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "ஸ்குரூ டிரைவர் வெச்சு கிரிப்பரைத் தூக்கினேன், வழுக்கிடுச்சு. ரெண்டு விரலைக் கவ்விக்கிச்சுடா. ஏதாவது கம்பி இருந்தா கொண்டா. அவளுக்கு மட்டும் தெரிய வேணாம். நீ கை தூக்கலன்னா அவ அமுக்க மாட்டா."

அவள் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தாங்க" என்றாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். ஆறாம் பெட்டியில் நெட்டை இன்னமும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சிரித்தபடி நின்றிருந்தான். அவள் முகத்தைப் பார்த்தான், உள்ளே போயிருந்த கையைப் பார்த்தான். பேயறைந்தவன் மாதிரி ஆகிவிட்டான். இரண்டு கையும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின.

"அண்ணி... நான் பழக்கத்துல... பாக்கல அண்ணி, சத்தியமாப் பாக்கல..."

அவனைத் திட்ட அவளுக்கு நேரமில்லை. குனிந்து உள்ளே பார்த்தாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கிரிப்பருக்குள். நகங்கள் ஏற்கெனவே கறுத்துக்கொண்டிருந்தன. அவள் மட்டும் அந்தப் பட்டனை அமுக்கியிருந்தால் டிரம் ஒரே சுற்றில் அந்தக் கையைத் தோள் வரைக்கும் இழுத்துக்கொண்டு போயிருக்கும். அதை அவள் அங்கே நின்றபடியே கண்ணால் பார்த்துவிட்டாள்.

"ரொம்ப வலிக்குதா?"

அவன் முகத்தை விளிம்பில் இன்னும் அழுத்திக்கொண்டான். வீம்பா வலியா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அதற்குள் எல்லோரும் கூடிவிட்டார்கள். ஆளுக்கொரு யோசனை. மெக்கானிக்கோ பெல்ட் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். போன் போட்டால் டிராபிக்கில் நிற்கிறேன் என்றார். கிரிப்பரைக் கழற்றலாம் என்றால் திருகாணி டிரம்மின் அந்தப் பக்கம் இருந்தது. டிரம் சுற்றினால்தான் கைக்கு எட்டும். கையால் சுற்ற முன்பு ஒரு சக்கரம் இருந்தது. இன்னும் வேகம் வேண்டும் என்று பெரிய மோட்டார் வைத்தபோது அதை எடுத்துவிட்டார்கள். டிரம் பின்பக்கமாகவும் சுற்றாது. போனால் முன்னால்தான் போக வேண்டும், அதுவும் மோட்டாரால்.

அதில் ஒரு நல்லது இருந்தது, ஒரு கெட்டதும் இருந்தது. ஃபாரத்தைச் செயினில் விட வேண்டிய இடத்துக்கு வந்ததும் கிரிப்பர் தானாக வாயைத் திறக்கும். அந்த இடத்துக்கு நாலு விரற்கடைதான் பாக்கி. அதையும் தாண்டி இன்னும் ஒரு விரற்கடை போனால் டிரம்முக்கும் கீழே இருக்கிற தகட்டுக்கும் நடுவில் கை போய்விடும். விரல் இல்லை, கை.

பலகையில் அதற்கென்று ஒரு சின்னப் பட்டன் உண்டு. இஞ்ச் பட்டன் என்பார்கள். அமுக்கிய நேரம் மட்டும் மெஷின் நகரும், எடுத்தால் நின்றுவிடும்.

"வேற வழியில்ல, இஞ்ச் போட்டுப் பாத்துடலாம்" என்றார் சுடுதண்ணி. அவர் குரலில் இருந்த அவசரமெல்லாம் எங்கேயோ போயிருந்தது. "நான் அமுக்கறேன். அந்தப் பொண்ணு வேணாம், பாரு எப்படி நடுங்குதுன்னு."

உண்மைதான், அவள் நடுங்கிக்கொண்டுதான் இருந்தாள். யாராவது அமுக்கட்டும், நான் மட்டும் வேண்டாம் என்று அவள் மனசு கெஞ்சியது.

"நீங்க வேணாம் சார்." பெட்டியின் விளிம்பிலிருந்து அவன் குரல் வந்தது. "யாரும் வேணாம். அவ அமுக்கட்டும்."

அவள் வாயைத் திறந்தாள். என்னால் முடியாதுங்க என்று சொல்லத்தான் திறந்தாள். அவன் ஒரு கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கண்ணில் வீம்பு துளிக்கூட இல்லை. அவள் திரும்பிப் பலகையை நோக்கி நடந்தாள்.

நடுவில் நின்று அவன் சொல்வதை இவளுக்குச் சொல்கிறேன் என்று நெட்டை முன்வந்தான். "நடுவுல யாரும் வேணாம்" என்றாள் அவள். "அவரே சொல்லட்டும், எனக்கே கேக்கட்டும்." காற்றுப் பம்பை நிறுத்தச் சொன்னாள். மின்விசிறிகளையும் நிறுத்தினார்கள். லாரிக்காரன் ஹாரன் அடித்தபோது யாரோ ஓடிப்போய் அவனை அதட்டிவிட்டு வந்தார்கள். அந்தக் கொட்டகையில் பகல் நேரத்தில் அப்படி ஒரு அமைதியை அவள் கேட்டதே இல்லை.

சாவியைப் போட்டுத் திருகினாள். சாவி பூட்டுக்குள் போகவே நாலு தடவை குத்த வேண்டியிருந்தது. முன்னால் அடுக்குகள், அடுக்குகள், வெறும் காகிதம். அதற்குப் பின்னால் எங்கேயோ அவன்.

"சொல்லுங்க!" என்று கத்தினாள்.

"அமுக்கு!"

சண்டை போட்ட நாளிலிருந்து அவன் அவளிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். பேசத் தொடங்க இந்த வார்த்தைதானா கிடைத்தது என்று அவளுக்கு அழுகை முட்டியது. தொட்டாள். டக்கென்று டிரம் ஒரு அசைவு அசைந்தது. விரலை எடுத்தாள்.

"இன்னும்!"

தொட்டாள். டக். அவன் முனகியது கேட்டது.

"இரு! இரு, இரு, இரு!"

இருந்தாள். விரலைப் பட்டனிலிருந்து தூக்கினாளே தவிர, தூரமாக எடுத்துக்கொண்டு போகத் தோன்றவில்லை. எடுத்தால் மறுபடி வைக்கத் தைரியம் வராது என்று பயம். பட்டனுக்கு மேலே தொட்டும் தொடாமலும் வைத்துக்கொண்டு நின்றாள்.

சத்தம் இல்லை.

"என்னங்க?"

பதில் இல்லை. நெற்றி வியர்வை இமைக்குள் இறங்கிக் கண் எரிந்தது. துடைக்கவில்லை. மயங்கிவிட்டானோ? இன்னும் எவ்வளவு பாக்கி? இரண்டு விரற்கடையா, ஒன்றா?

"ஒரு தட்டு தட்டிடும்மா" என்று சுடுதண்ணி காதோரமாகக் கிசுகிசுத்தார்.

"வாய மூடுங்க சார்!"

அந்தக் கத்தலிலா, அதற்கு முன்பா, எதில் என்று அவளால் பிறகு சொல்ல முடியவில்லை. டக்.

அந்தப் பக்கம் அவன் அலறினான்.

அவள் இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். போச்சு என்று நினைத்தாள். என் கையாலேயே போச்சு. அந்த ஒரு மூச்சு நேரத்தில் அவன் கையில்லாமல் சட்டை போடுவதை, சாப்பிடுவதை, மாமியார் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை எல்லாம் பார்த்துவிட்டாள்.

"வந்துடுச்சு!" நெட்டையின் குரல் தொண்டை கிழிய வந்தது. "அண்ணி, வெளிய வந்துடுச்சு! கை முழுசா இருக்கு அண்ணி!"

உயிர் போய் உயிர் வந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு நகம் போயிருந்தது, நடுவிரல் கோணிக்கொண்டிருந்தது, ரத்தம் சொட்டியது. ஆனால் கை கையாகவே இருந்தது. யாரோ துணியைச் சுற்றினார்கள், யாரோ ஆட்டோ கூப்பிட்டார்கள். அவள் எழுந்து சாவியை மறுபடி பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். கிளம்பும்போது சுடுதண்ணி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

"சாவிய மட்டும் குடுத்துட்டுப் போம்மா. லாரி..."

"சுவிட்ச் மேல ஒட்டினதையெல்லாம் பிச்சு எறியுங்க சார். மூடியெல்லாம் மூடியா இருக்கட்டும். அப்புறம் வந்து தரேன்" என்றாள். ஏழாம் பெட்டிக்காரன் அவரைக் கேட்காமலேயே டேப்பைக் கிழிக்க ஆரம்பித்திருந்தான்.

பக்கத்துத் தெருவிலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரி. படம் எடுத்தார்கள், எலும்பைச் சரிசெய்து கட்டுப் போட்டார்கள், ஊசி போட்டார்கள். வலி கொஞ்சம் மட்டுப்பட்டதும் அவனுக்கு வாய் வந்துவிட்டது. அத்தனை நாள் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசுகிற மாதிரி பேசினான். வராந்தா பெஞ்சில் ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் நெட்டை, எதிரே மருந்துத் தட்டோடு நர்ஸ்.

"நான் இருன்னு சொன்னேன்ல? எதுக்குன்னு நெனச்சே? கட்டைவிரல் தகட்டுப் பக்கம் நீட்டிக்கிட்டு நின்னுச்சு. அதை மடக்கிக்கணும். ஒருவழியா மடக்கிட்டேன். இப்ப அமுக்குன்னு சொல்லணும், வாய் வரல. நாக்கு அப்படியே ஒட்டிக்கிச்சு. மனசுக்குள்ளதான் சொன்னேன், 'இப்ப'ன்னு. சொல்லி முடிக்கல, டக்குன்னு அமுக்கினா பாரு! மயிரிழை கூட அதிகமா போகல." கட்டுப் போட்ட கையை ஆட்டி அவளைக் காட்டினான். "அதாண்டா பொண்டாட்டி! நான் நெனச்சது அங்க அவ விரலுக்குத் தெரிஞ்சிருக்கு!"

"குடுத்து வெச்சவருங்க நீங்க" என்று நர்ஸ் சிரித்தாள்.

"அண்ணி விரலுக்கு மோதிரம் போடணும் அண்ணே" என்றான் நெட்டை. அதுவரை செத்த முகத்தோடு இருந்தவனுக்கு இப்போதுதான் கொஞ்சம் ரத்தம் ஓடியது.

அவளோ மடியில் கிடந்த தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் உள்ளே போனாள். நெட்டை டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனான். அவள் புருஷன் இன்னமும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

"என்னடி, இன்னும் கோவமா? இப்ப நீ முறுக்கிக்கிறியா?"

"நான் அமுக்கலைங்க."

"என்னது?"

"கடைசியா பட்டுதே, அது நான் அமுக்கினது இல்ல." அவள் குரல் தேய்ந்து போயிருந்தது. "நீங்க இருன்னு சொன்னீங்க, இருந்தேன். கை நடுங்கிச்சு. பட்டுடுச்சு. அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் அழுத்தமாப் பட்டிருந்தா கையே உள்ள போயிருக்கும். கொஞ்சம் முன்னாடி பட்டிருந்தா உங்க கட்டைவிரல்... எனக்கு ஒண்ணும் தெரியலைங்க. நீங்க நெனச்சதெல்லாம் எனக்குக் கேக்கல."

அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே கொஞ்ச நேரம் நின்றது, என்ன செய்வதென்று தெரியாமல். பிறகு மெல்ல இறங்கியது. கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பார்த்தான். ஒவ்வொரு விரலாகப் பார்த்தான். மெஷினுக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றபோது வராத பயம், ஆட்டோவில் ரத்தம் சொட்டச் சொட்ட வந்தபோது வராத பயம், இப்போது வந்தது. முதலில் முழங்கால் ஆடியது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. பெஞ்சே கடகடவென்று ஆடியது.

"பயமா இருக்குடி" என்றான். "என்னன்னு தெரியல, பயமா இருக்கு."

அவள் நகர்ந்து அவனோடு ஒட்டி உட்கார்ந்து, ஆடுகிற முழங்காலின்மேல் தன் கையை வைத்து அழுத்தினாள். அந்தக் கையும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

"எனக்கு தெனமும் இப்படித்தாங்க இருக்கு" என்றாள். "ஒவ்வொரு தடவ அமுக்கறப்பவும்."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். நர்ஸ் வந்து டாக்டர் கூப்பிடுகிறார் என்று சொல்லும்வரை இரண்டு பேரும் அந்த பெஞ்சிலேயே நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.